மெட்டி வாங்கிய 61 பேர்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்குப் பல்கூடத் துலக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். 873 என்று காட்டியது. எட்டு நாளாக 61, 64, மறுபடி 61 என்று நொண்டிக்கொண்டிருந்த எண் அது. வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் போய்க் காபி போட்டேன்.

சேலத்தில் ஒரு வெள்ளிக்கடையில் எனக்கு வேலை. முதல் அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் பெரிய கடை. அம்மாபேட்டை, ஓமலூர், ஆத்தூரில் கிளைகள். பட்டறை பக்கம் நான் போவதில்லை. சலுகை மெசேஜ் யாருக்குப் போகவேண்டும், எப்போது போகவேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காக மே மாதம் ஒரு வாடிக்கையாளர் தரவுத் தளம் வாங்கினோம். கடையில் எல்லாரும் சிடிபி என்பார்கள். நான்கு கிளையின் பில், இணையதளத்தில் பார்த்த பொருள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் ஒரு ஆளின் பெயரில், ஒரே ப்ரொஃபைலில் சேர்த்து வைக்கும். பிறகு நாம் நிபந்தனை போட்டு ஆட்களைப் பிரிக்கலாம். அந்தப் பிரிவுதான் செக்மென்ட்.

முதலாளி கேட்ட முதல் செக்மென்ட்டுக்கு நான் வைத்த பெயர் ‘தலை ஆடி’. கல்யாணமாகி வரும் முதல் ஆடிக்குப் பெண் வீட்டார் மகளையும் மருமகனையும் அழைத்துச் சீர் செய்வார்கள். போன ஆடிக்குப் பிறகு கல்யாணம் நடந்த வீடுகளைக் கண்டுபிடித்தால் வெள்ளிச் சாமானுக்குச் சலுகை அனுப்பலாம். கல்யாண வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? மெட்டி பில்லை வைத்து. மெட்டியைக் கல்யாணத்துக்குத்தானே வாங்குவார்கள் என்பது என் கணக்கு. நிபந்தனை நான்கு: ஆவணி 1, அதாவது 2024 ஆகஸ்ட் 17 முதல் மெட்டி வாங்கியிருக்க வேண்டும், பின்கோடு 636 என்று தொடங்க வேண்டும், ஏனென்றால் சலுகை சேலம் மாவட்டத்துக்கு மட்டும், மெசேஜுக்கு ஒப்புதல் ‘இல்லை’ என்று இருக்கக் கூடாது, வாங்கியவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை என் மேதாவித்தனம். மெட்டி வாங்க வருவது பெரும்பாலும் அப்பாக்களும் தாய்மாமன்களும் என்று அரை மணி நேரத்தில் புரிந்து அதை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் வந்த எண்தான் 61.

பெரிய கடையின் கவுண்டர் சூப்பர்வைசரிடம் காட்டினேன். “அறுபத்தொண்ணா? தை மாசம் ஒரு மூர்த்தத்துக்கு முந்தின நாள் வித்ததுங்க அது” என்று சிரித்தார். பில்லிங் சாஃப்ட்வேரில் பார்த்தால் ஜூன் 28 வரை மெட்டி பில் 1,684.

முதல் இரண்டு நாள் சும்மா போனது. செக்மென்ட்டைத் திறந்து ஒன்றும் மாற்றாமல் சேமித்தேன். நகல் எடுத்தேன். பெயர் மாற்றினேன். பிரவுசரை மாற்றிக்கூடப் பார்த்தேன். எண் அசையவில்லை. அப்புறம்தான் அமைப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: எங்கள் திட்டத்தில் செக்மென்ட் ஒரு நாளைக்கு ஒரே முறைதான் கணக்கிடப்படும், அதுவும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தின் நள்ளிரவில். யுடிசியில் 12 மணி என்றால் நமக்குக் காலை 5.30. திங்கள் காலை நான் செய்த மாற்றத்தின் பலன் செவ்வாய் காலைதான் தெரியும். அதற்குள் திங்கள் மாலை இன்னும் இரண்டு மாற்றம் செய்திருந்ததால் எது எதைச் செய்தது என்றே தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு சோதனை என்றால் ஆடி முடிந்துவிடும். அதனால் தளத்தில் இருந்த ஈவென்ட்களையும் (பில் மாதிரி ஒவ்வொரு நிகழ்வின் பதிவு) ப்ரொஃபைல்களையும் இறக்கி, என் லேப்டாப்பில் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருளில் ஏற்றினேன். காசு கிடையாது, நிறுவவும் பெரிதாக ஒன்றுமில்லை. செக்மென்ட்டின் நிபந்தனைகளையே வினவலாக எழுதினால் இரண்டு நொடியில் பதில். அங்கும் 61 வந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல். தளம் சரியாகத்தான் எண்ணுகிறது, நான் கொடுத்ததில்தான் கோளாறு என்று அப்போதே முடிவாகிவிட்டது.

யுடிசி என்று தெரிந்ததும் எனக்கு அதன் மேலேயே சந்தேகம். ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஒரு மதியம் முழுக்க அதைத் துரத்தினேன். யோசித்துப் பார்த்தால் எங்கள் கடை திறப்பது காலை 9.30, மூடுவது இரவு 9.30. அந்த நேரம் யுடிசியில் காலை 4 மணி முதல் மாலை 4 மணி வரை. தேதி மாறவே மாறாது. ஆனால் ஒரு இடத்தில் கடித்தது: பழைய பில்களில் நேரம் இல்லை, தேதி மட்டும். நேரம் இல்லாததை நள்ளிரவு 12 என்று எடுத்துக்கொண்டு யுடிசிக்கு மாற்றினால் முந்தைய நாள் மாலை 6.30. ஆவணி 1 அன்று போட்ட பில்கள் ஆடியின் கடைசி நாளுக்குப் போய்விடும். அப்படி வெளியே விழக்கூடியவை 9 பில். ஒரு மதியம், 9 பில்.

புதன்கிழமை நிபந்தனைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மீதி மூன்றையும் ஒன்றாகப் போட்டு 61 என்று பார்த்தால் எது அடைக்கிறது என்று எப்படித் தெரியும்? தண்ணி வரவில்லை என்றால் தெருக் குழாயிலிருந்து ஒவ்வொரு வால்வாகத்தானே பார்ப்போம். ஒரு 40 பக்க நோட்டில் நிபந்தனை ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் என்று எழுதினேன்.

மெட்டி என்ற நிபந்தனைக்கு மட்டும் 902 பில். 1,684 எங்கே, 902 எங்கே! பொருள் பெயர்ப் பட்டியலை எடுத்தேன். பெரிய கடையில் ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’ போட்டு மெட்டி, அம்மாபேட்டையில் ஒரே ‘டி’, ஓமலூரில் டோ ரிங், ஆத்தூரில் மிஞ்சி. மிஞ்சிக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் வேறு, கண்ணுக்குத் தெரியாது. நான் தேடியது இரண்டு ‘டி’ மெட்டியை. சரி, ஜிஎஸ்டிக்காகப் போடும் எச்எஸ்என் குறியீட்டை வைத்துப் பிடிக்கலாமே என்று பார்த்தால், கொலுசு, மெட்டி, அரைஞாண், செயின் எல்லாமே 7113. பெயரை விட்டுவிட்டு, லேபிளில் அச்சாகும் பொருள் எண்ணைப் பிடித்தேன். அது மட்டும் நான்கு கிளைக்கும் ஒன்று. மெட்டிக்கு ஆறு எண்கள்: சாதா, இரட்டை வரி, கல் வைத்தது, எனாமல், குழந்தை அளவு, ஆண்கள் மிஞ்சி. கடைசி இரண்டையும் விட்டேன். பில்லிங் சாஃப்ட்வேரில் பார்த்த அந்த 1,684ம் இந்த நான்கு எண்ணில் அப்படியே வந்தது. எட்டு நாளில் முதல்முறையாக இரண்டு இடத்து எண் ஒத்துப்போனது அப்போதுதான்.

பின்கோடு. இதில் எனக்கே என் மேல் கோபம். சேலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு 636 என்றால் சேலம் என்று மூளையில் பதிந்திருக்கிறது. எடப்பாடி 637101. சங்ககிரி 637301. இரண்டும் சேலம் மாவட்டம், இரண்டும் வெளியே. தர்மபுரி 636701, அரூர் 636903. இரண்டும் பக்கத்து மாவட்டம், இரண்டும் உள்ளே. சரி, 637ஐயும் சேர்த்துவிடலாம் என்றால் நாமக்கல்லும் திருச்செங்கோடும் கூடவே வந்துவிடும். பின்கோடு தபால்காரருக்காகப் போட்டது, கலெக்டருக்காக அல்ல. அரசின் திறந்த தரவுத் தளத்தில் பின்கோடு பட்டியல் கிடைக்கிறது. அதில் சேலம் மாவட்டம் என்று இருப்பதை மட்டும் எடுத்து, ‘தொடங்க வேண்டும்’ என்பதை ‘இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்’ என்று மாற்றினேன். மாற்றியதும் பாதிப் பேர் காணாமல் போனார்கள். என்னவென்று பார்த்தால் சில வரிகளில் 636007 என்று இருக்கிறது, சிலவற்றில் 636 007, சிலவற்றில் 636007.0. தொடக்கத்தை மட்டும் பார்த்தபோது இது தெரியவில்லை. முழு எண்ணையும் ஒப்பிட்டதும் வெளியே வந்தது. இடைவெளியையும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் வெட்டியதும் சரியானது.

ஒப்புதல் நிபந்தனையிலும் ஒரு ஓட்டை. ‘இல்லை’ என்று சொன்னவர்களை மட்டும் தள்ளுவதுதான் என் எண்ணம். ஆனால் கட்டமே காலியாக இருந்தவர்களும் வெளியே போயிருந்தார்கள். காலிக் கட்டத்தை ‘இல்லை’யோடு ஒப்பிட்டால் அது சமம் என்றும் சொல்லாது, சமமில்லை என்றும் சொல்லாது, இரண்டு பக்கமும் சேராமல் விழுந்துவிடும். திருத்தப் போய், கையை எடுத்துக்கொண்டேன். ஒப்புதல் கேட்கவே இல்லை என்றால் அனுப்பக் கூடாது. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் தெளிவாகக் கேட்டு வாங்கச் சொல்கிறது. அதனால் நிபந்தனையை ‘ஆம் என்று இருக்க வேண்டும்’ என்று நேராக எழுதினேன். தப்பாக எழுதியிருந்தாலும் நல்ல பக்கம் தப்பியிருந்தது இந்த ஒன்று மட்டும்தான்.

இவ்வளவும் செய்து வியாழன் காலை வந்த எண் 64.

அன்றைக்கு வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஐந்து ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது சித்தி போன் செய்தார், ஏற்காட்டிலிருந்து. வேறு ஏதோ விஷயம். பேச்சுவாக்கில் ஞாபகம் வந்தது: மாசியில் தம்பிக்குக் கல்யாணம், மெட்டி எங்கள் கடையில்தான் வாங்கினார்கள், நான்தான் கூட இருந்து எடுத்துக்கொடுத்தேன். சித்தப்பா அந்த 64 பேரில் இருக்கிறாரா?

இல்லை.

எண்ணிக்கைகளை எல்லாம் மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போனேன். சித்தியிடம் பில்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 10/02/2025. வெள்ளி மெட்டி, இரட்டை வரி, ஒரு ஜோடி, 11.340 கிராம். சித்தப்பாவின் பழைய பிஎஸ்என்எல் நம்பர், 9443ல் தொடங்குவது. பின்கோடு 636601.

தளத்தில் அந்த பில் எண்ணைத் தேடினேன். பில் இருந்தது. வாங்கிய தேதி: 2025 அக்டோபர் 2.

இன்னும் வராத புரட்டாசியில் சித்தப்பா மெட்டி வாங்கியிருக்கிறார்! கல்யாணமே நடக்காத மாதத்தில். பத்தாம் தேதி இரண்டாம் மாதத்தை, அமெரிக்க வழக்கப்படி பத்தாம் மாதம் இரண்டாம் தேதி என்று படித்திருக்கிறது. இறக்குமதி செய்தபோது தேதி வடிவம் என்ற இடத்தில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டது நான்தான். 12க்கு மேற்பட்ட தேதிகளில் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் தேதியையே காலியாக விட்டுவிட்டது. 1,684 மெட்டி பில்லில் 1,013க்குத் தேதி காலி. மீதியில் 03/03, 06/06 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருந்தவை மட்டும் அதிர்ஷ்டத்தில் தப்பின. தளம் ஒரு பிழைச் செய்திகூடக் காட்டவில்லை. ‘இறக்குமதி வெற்றி’ என்று பச்சையில் போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலாளிக்கு வேறு அனுப்பியிருந்தேன்.

முதல் நாளே மாதவாரியாக ஒரு கோடு வரைந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். தையில் உச்சம், புரட்டாசியில் பள்ளம் என்று எங்கள் கடையில் பில் போடும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வரைபடத்தில் வரப்போகிற புரட்டாசி மேடாக நின்றிருக்கும்.

தேதி பிரச்சினை கிடைத்த சந்தோஷத்தில் அங்கேயே நிறுத்தாமல் சித்தப்பாவின் ப்ரொஃபைலையும் திறந்தேன். நல்ல வேளை. அதில் 387 பில் இருந்தது. சித்தப்பா வாழ்நாளில் எங்கள் கடைக்கு வந்தது மூன்று முறை. பெயர் என்ற இடத்தில் ஓமலூர்க்காரர் ஒருவர். பிறந்தநாள் வேறு யாருடையதோ. பின்கோடு அரூர். போன் நம்பர் என்ற இடத்தில் இருந்தது இது: 9.19443ஈ+11.

நடுவில் இருக்கும் அந்த ஆங்கில ஈயைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. பெரிய கடையின் பழைய பில்கள் 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க நம்பரோடு வந்திருந்தன. இறக்குமதிக்கு முன்னால் ஒரு தலைப்பின் பெயரை மாற்றுவதற்காக அந்தக் கோப்பை எக்ஸெலில் திறந்து, மாற்றி, சிஎஸ்வியாகவே (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தேன். எக்ஸெல் பதினோரு இலக்கத்துக்கு மேல் போனால் எண்ணைச் சுருக்கிக் காட்டும்; சிஎஸ்வியில் சேமிக்கும்போது காட்டியதைத்தான் எழுதும். 94430 முதல் 94434 வரை தொடங்கும் அத்தனை நம்பரும் 9.19443ஈ+11 ஆகிவிட்டன. 94435க்கு மேல் இருந்தவை முழுமையாக்கப்பட்டு 9.19444 ஆகி, சென்னையில் இருக்கும் 9444 நம்பர்க்காரர்களோடு ஒட்டிக்கொண்டன. தளத்துக்கு ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரையும் ஒருவராக்கிவிட்டது. கடைசியாக வந்தவரின் பின்கோடு அரூர் என்பதால், நான் பின்கோடு நிபந்தனையைத் திருத்தியதும் 387 பில்லும் ஒரே அடியாக வெளியே போயின. திருத்தத் திருத்த எண் ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை அதுதான். ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் பெரிய ப்ரொஃபைல்கள் இன்னும் இருக்குமே என்று, பில் எண்ணிக்கை அதிகமானவர்களை வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் 9999999999. அவருக்கு 2,140 பில். அடுத்து சுருங்கிய நம்பர்கள். அதற்கும் கீழே உண்மையான நம்பர் போலவே ஒன்று, 311 பில், எல்லாம் அம்மாபேட்டைக் கிளை. யாரோ மொத்த வியாபாரி என்று நினைத்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது அம்மாபேட்டைக் கவுண்டர் அக்கா.

“நம்பர் கேட்டா சில பேர் சண்டைக்கு வராங்க தம்பி. பத்து நம்பர் போடலன்னா பில்லு நகராது. கியூ நிக்குது. நான் என்ன பண்ண? என் நம்பரப் போட்டுருவேன்.”

“பெரிய கடைல ஒன்பதாப் போடுறாங்கக்கா.”

“அது பொய் நம்பருல்ல. அத எப்படிப் போடுறது?”

இதற்கு என்ன பதில் சொல்வது? நேர்மையாக இருந்ததால் அவர் 311 பேர் ஆகிவிட்டார். ஒவ்வொரு சலுகை மெசேஜும் அவருக்கு வந்துகொண்டிருந்ததாம், கடை வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். பில்லிங் சாஃப்ட்வேர்க்காரரிடம் பேசி, போன் நம்பர் இல்லாமலும் பில் நகரும்படி ஒரு பட்டன் வைக்கச் சொன்னோம். ₹1,500 வாங்கினார். இந்த எட்டு நாளில் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

தளத்தின் உதவிப் பிரிவில் கேட்டேன்: ஒட்டிய ப்ரொஃபைல்களைப் பிரிக்க முடியுமா? முடியாது, அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றார்கள். அது நியாயம்தான். சாம்பாரிலிருந்து பருப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மறுபடி ஏற்றும் வேலை. நான்கு கிளையிலிருந்தும் புதிதாகக் கோப்பு வாங்கினேன். ஆத்தூர்க் கிளையில் மெயிலில் அனுப்பத் தெரியவில்லை என்று பஸ் ஏறிப் போய்ப் பென்டிரைவில் எடுத்துவந்தேன். இந்த முறை எக்ஸெலைத் தொடவே இல்லை. தலைப்பை நோட்பேடில் மாற்றினேன், எஸ்கியூலைட்டில் எல்லாக் கட்டத்தையும் எழுத்தாகவே ஏற்றினேன். நம்பரில் இலக்கம் தவிர மற்றதை எல்லாம் வெட்டி, கடைசிப் பத்து இலக்கத்தை எடுத்து, 6 முதல் 9 வரை தொடங்கினால் மட்டும் +91 சேர்த்தேன். பத்தும் ஒரே இலக்கமாக இருப்பவை, 1234567890, கடை ஊழியர்களின் நம்பர் இவற்றை நம்பர் கட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன். அந்த பில்கள் ஆளில்லாத பில்களாகவே இருக்கட்டும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் மாற்றி, நேரம் இல்லாத இடத்தில் பகல் 12 மணியும் பின்னால் இந்திய நேரம் என்று காட்டும் +05:30ம் போட்டேன். பகல் 12 என்றால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதே நாள்தான்.

முழுவதையும் ஏற்றுவதற்கு முன்னால் 50 வரி மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றையும் பில்லோடு ஒப்பிட்டேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அப்புறம் மீதி 46,000 சொச்சம் வரிகள். மாத ஒதுக்கீட்டைத் தாண்டியதால் தளத்துக்குக் கூடுதலாக ₹4,200. அதை முதலாளியிடம் சொல்லும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை, கால்குலேட்டரைத் தட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலை எண் பார்த்தபோது பாதிதான் ஏறியிருந்தது, வரிசையில் நிற்கிறது என்று காட்டியது. இந்த முறை கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். செவ்வாய்க் காலை 873. எஸ்கியூலைட்டிலும் 873. கணக்கை நோட்டில் இப்படி எழுதினேன்: 1,684 பில், அதில் ஆளில்லாதவை 118, மீதி 1,566, ஒரே நம்பரில் இரண்டு மூன்று பில் இருப்பதைச் சேர்த்தால் 1,391 பேர், ஒப்புதல் ‘ஆம்’ சொன்னவர்கள் 1,127, சேலம் மாவட்டத்துக்குள் 873. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்று சொல்ல முடிகிறது. 61 இருந்தபோது அது முடியவில்லை. இனி எந்த செக்மென்ட் செய்தாலும் இந்தப் படிக்கட்டை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் தளத்தைத் திறப்பேன். கூடவே, நேரில் தெரிந்த இருபது வாடிக்கையாளர்களை ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யார் உள்ளே வர வேண்டும், யார் வரக் கூடாது என்று எனக்கே தெரிந்த ஆட்கள். எண்ணிக்கை சரியாக வந்தாலும் இவர்களைப் பார்த்த பிறகுதான் அனுப்புவது.

அந்த இருபது பேருக்கு மட்டும் அன்று மாலை சோதனையாக வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒரு மெசேஜ் எங்களுக்கு அப்போது ஜிஎஸ்டியோடு ஒரு ரூபாய்க்குள் வந்தது. இருபது பேருக்குப் பெரிய விஷயமில்லை. ‘தலை ஆடிக்கு மகளை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. சீர்வரிசை வெள்ளிச் சாமான்களுக்குச் செய்கூலியில் சலுகை’ என்று முதலாளியே எழுதிக் கொடுத்த வாசகம். சித்தப்பாவுக்கும் போனது. பத்து நிமிடத்தில் சித்தி லைனில்.

“ஏன்டா, எனக்கு ஏதுடா மக?”

“பொதுவாப் போற மெசேஜ்தான் சித்தி.”

“பொதுவா என்ன பொதுவா. மெட்டி வாங்குனது மாப்பிள்ள வீடு. ஆடிச் சீர் செய்யறது பொண்ணு வீடு. எங்களுக்கு அனுப்பி என்ன பிரயோசனம்? எங்க சம்பந்திக்கு அனுப்பு.”

நான் பதில் சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு நாளாக எந்த வாடிக்கையாளர் எங்கே ஒட்டியிருக்கிறார், எந்தத் தேதி எங்கே புரண்டது என்று துருவிக்கொண்டிருந்தேனே தவிர, மெட்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்கவே இல்லை. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பது உண்மை. தாய்மாமன் வாங்குவதும் உண்டு, எல்லாவற்றையும் பெண் வீட்டிலேயே வாங்குவதும் உண்டு. ஆனால் எங்கள் கவுண்டரில் கேட்டபோது பாதிக்கு மேல் மாப்பிள்ளை வீடுதான் என்றார்கள். 873 பேரும் சரியான ஆட்கள்தான். சொல்ல இருந்த செய்திதான் பாதிப் பேருக்குச் சம்பந்தமில்லாதது.

மறுநாள் முதலாளியிடம் உட்கார்ந்து மாற்றினோம். மெட்டி வாங்கியவர்களுக்கு ஆடி 18ஐ ஒட்டி வேறு மெசேஜ். 2025ல் அது ஆகஸ்ட் 3, ஞாயிறு. மருமகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்ற மாதிரி. சீர் மெசேஜுக்குத் தனியாக இன்னொரு செக்மென்ட்: ஒரே பில்லில் தட்டு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், காமாட்சி விளக்கு இவற்றில் குறைந்தது இரண்டு இருந்து, மெட்டி இல்லாதவர்கள். 412 பேர் வந்தார்கள். இதில் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கியவர்களும் வளைகாப்புக்கு வாங்கியவர்களும் கலந்திருப்பார்கள். பில்லை வைத்து அதைப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ‘கல்யாணமா, வேறு விசேஷமா’ என்று பில் போடும்போது ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று அம்மாபேட்டை அக்காவிடம் கேட்டேன். “மொதல்ல நம்பர் கேக்கறத நிறுத்துங்க, அப்பறம் இதக் கேக்கறேன்” என்றார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

சித்தி சும்மா விடவில்லை. அன்று இரவே சம்பந்தி வீட்டு நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சேர்த்துவிடு என்றார். அவர்களாக ஒப்புதல் கொடுக்காமல் சேர்க்க முடியாது என்று விளக்கினேன். “சம்பந்திக்கு நான் சொல்லிக்கிறேன், நீ போடு” என்கிறார். நம்பர் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பத்து இலக்கமும் முழுசாக.